கொடையும் கடனும்: கொடைக்கானல் பாதரசத்தை முன்வைத்துப் பன்னாட்டு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையில் வேலை பார்த்த முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்துக்கும் இடையே பாதரசப் பாதிப்புக் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பத்தாண்டுகளாக நடந்துவந்த வழக்கு, 2016 மார்ச் மாதத்தில் உடன்பாட்டில் முடிந்தது. தொகை எவ்வளவு என்பது வெளியே சொல்லப்படவில்லை. அதற்கு இடப்பட்ட பெயர் மட்டும் வெளியே வந்தது. மனிதாபிமான அடிப்படையில், தொழிலாளர் குடும்பங்களின் வாழ்வாதாரத்தை மேம்படுத்துவதற்காக நிறுவனம் மனமுவந்து தரும் கருணைத் தொகை என்று அது குறிக்கப்பட்டது. உடன்பாடு அதை இழப்பீடு என்று அழைக்கவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தொழிலாளியின் வங்கிக் கணக்கில் சேரும் பணத்துக்கு இரண்டு பெயரிலும் மதிப்பு ஒன்றுதான். ஆனால் இழப்பீடு என்றால் ஒருவர் செய்ததற்கு இன்னொருவர் பட்டதற்கான கணக்குத் தீர்ப்பு. கருணைத் தொகை என்றால் கொடுப்பவரின் நல்ல மனம். முன்னது கடன், பின்னது கொடை. பன்னாட்டு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்று உலகெங்கும் பேசப்படும் பொருளில் உள்ள குழப்பம் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டியதால் வந்தது என்பது என் எண்ணம். அதைப் பிரித்துப் பார்க்கக் கொடைக்கானலைவிடப் பொருத்தமான இடம் நம் பக்கத்தில் இல்லை.

அந்த ஆலையின் பிறப்பிடம் கொடைக்கானல் அல்ல. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் சீஸ்பரோ-பாண்ட்ஸ் நிறுவனம் நடத்திவந்த தெர்மாமீட்டர் ஆலை, 1980-களின் முற்பகுதியில் இயந்திரங்களோடு பெயர்த்து எடுக்கப்பட்டுப் பழனி மலைத்தொடரின் மேல், கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் நிறுவப்பட்டது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. செய்து முடித்த தெர்மாமீட்டர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்கே போயின. சீஸ்பரோ-பாண்ட்ஸை யூனிலீவர் 1980-களின் பிற்பகுதியில் உலக அளவில் வாங்கியபோது இந்திய ஆலையும் கைமாறியது. 1998-இல் பாண்ட்ஸ் இந்தியா, யூனிலீவரின் இந்தியத் துணை நிறுவனமான இந்துஸ்தான் லீவருடன் (இன்றைய இந்துஸ்தான் யூனிலீவர்) இணைக்கப்பட்டது. ஆக, மூலப்பொருள் உள்ளூருக்கு உரியதல்ல, சந்தை உள்ளூரில் இல்லை, உரிமையாளரும் உள்ளூர்க்காரர் அல்லர். உள்ளூர் அந்தத் தொழிலுக்குக் கொடுத்தது உழைப்பும் நிலமும் காற்றும் நீரும்தான். பெற்றது கூலி. இந்தக் கொடுக்கல் வாங்கலில் எங்கும் எழுதப்படாமல் விட்டுப்போன வரி ஒன்று உண்டு. கழிவு யாருக்கு?

அதற்கு விடை 2001 மார்ச் 7 அன்று தெரிந்தது. ஊரின் நெரிசலான பகுதியான மூஞ்சிக்கல்லில், பள்ளிக்கூடத்துக்கு அருகே இருந்த ஒரு காயலான் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு கிழிந்த சாக்குகளில் குவிந்து கிடந்ததை உள்ளூர் மக்களும் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளிக்கொண்டுவந்தார்கள். ஏழு டன்னுக்கு மேல் இருந்தது என்று இயக்கத்தினர் கூறினர். ஐந்து டன்னுக்குச் சற்றுக் கூடுதல் என்றும், தன் விதிமுறைகளை மீறி அது விற்கப்பட்டுவிட்டது என்றும் நிறுவனம் சொன்னது. அதே மாதத்தில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆலை பிறகு திறக்கப்படவே இல்லை. 2003-இல், பாதரசம் கலந்த ஏறத்தாழ 290 டன் கழிவு தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்கு, மறுசுழற்சி செய்வதற்காக அனுப்பப்பட்டது. பணக்கார நாட்டின் நச்சுக் கழிவு ஏழை நாட்டுக்கு வருவதுதான் வழக்கம். எதிர்த்திசையில் கப்பல் ஏறியது அரிதான நிகழ்வு. அதைச் சாதித்தவர்கள் மலையூர்க்காரர்கள்.

பாதரசத்தின் இயல்பைச் சற்று விளக்கிவிட்டால்தான் ‘சமூகம்’ என்ற சொல்லுக்கு இந்தக் கதையில் எவ்வளவு அகலம் என்பது புரியும். அது சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும் உலோகம். தெர்மாமீட்டர் உடைந்து ஒரு துளியைக் குழந்தை விழுங்கிவிட்டால் உடம்பு அதைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். மூடிய அறையில் அதன் ஆவியைச் சுவாசித்தால் உள்ளே போனதில் ஐந்தில் நான்கு பங்கு நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்துவிடும். அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும், கருவுற்ற பெண்ணின் நஞ்சுக்கொடியையும் கடக்கும். நிறமும் மணமும் இல்லாததால், சுவாசிக்கிறோம் என்பதே தெரியாது. வேலைத்தளத்தில் உடையிலும் தலைமுடியிலும் ஒட்டிய நுண்துளிகள் வீட்டுக்கு வந்தால், ஆலை வாசலை மிதித்தே அறியாத பிள்ளைகளும் அந்த ஆலையின் தொழிலாளர்களாகிவிடுகிறார்கள்.

நீர்வழி இன்னொரு கதை. ஆலை இருந்த மலைமுகட்டின் சரிவில் பாம்பார் சோலை இருக்கிறது. அங்கிருந்து இறங்கும் பாம்பாறு கும்பக்கரை அருவியாக விழுந்து பெரியகுளம் வட்டாரத்தை நோக்கிப் போகிறது. சுற்றுலா வருபவர்கள் குளித்து மகிழும் அந்த அருவிக்கும், மேலே பல கிலோமீட்டர் தொலைவில் மூடிக் கிடக்கும் ஆலைக்கும் இடையே உள்ள உறவு வரைபடத்தைப் பார்த்தால் மட்டுமே தெரியும். மண்ணில் தங்கிய பாதரசம் மழைக்கு மழை வண்டலோடு நகரும். நீர்நிலையின் அடிச்சேற்றில் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது சிறு உயிரிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து மனிதருக்கும் போகப்போகச் செறிவு கூடும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் கண்டறியப்பட்ட நோய் இந்தக் கடைசி வடிவத்தால் வந்தது. கொடைக்கானல் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் கூடுதலாக இருப்பதை ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தின் அறிவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த ஏரி பாம்பாற்றின் வடிநிலத்தில் இல்லை. காற்றும் சுமந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

ஆகவே ஒரு நிறுவனம் ‘தான் இயங்கும் பகுதியின் மக்கள்’ என்று வரையறுத்து வட்டம் போடும்போது, அந்த வட்டம் ஆலைச் சுவரிலிருந்து இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கில் அமைவது பொருந்தாது. கழிவு போகும் தொலைவு வரைக்கும் அவர்களின் ஊர் நீள்கிறது. பொதுவாக நிறுவனங்களின் அறிக்கைகளில் இந்த வட்டம் நன்கொடை போகும் தொலைவை வைத்துத்தான் வரையப்படுகிறது.

பாதிப்பு உண்டா என்ற கேள்விக்கு ஆண்டுக்கணக்கில் ஒரு விடை கிடைக்காமல் போனதற்கும் பாதரசத்தின் இயல்பே பாதிக் காரணம். உடம்பில் புகுந்த உலோகப் பாதரசத்தின் அளவு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆலை மூடி ஓராண்டு கழித்து இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தால், அங்கே வேலை பார்த்ததற்கான தடயம் ஏறக்குறைய அழிந்திருக்கும். சிறுநீரகத்துக்கோ நரம்புக்கோ நேர்ந்த கேடு அழிந்திருக்காது. அந்தக் கேடு பாதரசத்தால்தான் வந்தது என்று காட்ட வேண்டுமானால், வேலை நடந்த காலத்தில் யார் எந்தப் பிரிவில் எத்தனை மணி நேரம் நின்றார், அங்கே காற்றில் பாதரசம் எவ்வளவு இருந்தது, அவரின் சிறுநீர்ச் சோதனை என்ன சொன்னது என்ற பதிவுகள் தேவை. அவை இருக்கும் இடம் நிறுவனத்தின் அலமாரி. குற்றம் சாட்டப்பட்டவரிடமே சாட்சியும் இருக்கும் வழக்கு இது. நிறுவனம் மேற்கொண்ட ஆய்வுகளும் அது மேற்கோள் காட்டிய அரசு ஆய்வகங்களின் அறிக்கைகளும் தொழிலாளர்களின் நோய்களுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்றன. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் அமைத்த குழுவோ, தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும் பாதிக்கப்பட்டிருப்பதற்கு முகாந்திரம் இருக்கிறது என்று 2011-இல் அறிக்கை தந்தது. 2015-இல் இந்த விவகாரத்தைச் சொல்லும் ராப் பாடல் ஒன்று இணையத்தில் உலகம் முழுக்கப் பரவி, யூனிலீவரின் அப்போதைய தலைமை நிர்வாகி பால் போல்மன் வரை கேள்விகளை எழுப்பியது. அடுத்த ஆண்டே உடன்பாடு வந்தது. பத்தாண்டு நீதிமன்றப் படியேற்றத்தோடு மூன்று நிமிடப் பாட்டும் சேர்ந்தபோது காரியம் நடந்தது என்பதைப் பாட்டின் வெற்றி என்று மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இதே நிறுவனம் சமூகப் பொறுப்பு என்ற துறையில் உலகமே எடுத்துக்காட்டாகச் சுட்டும் நிறுவனம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் இன்றைய தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்தில் தொடங்கிய ‘சக்தி’ திட்டம், கிராமத்துப் பெண்களைச் சிறு விற்பனையாளர்களாக்கி வருமானம் தந்தது. மேலாண்மைக் கல்லூரிகளில் அது பாடமாக இருக்கிறது. சோப்பு விற்பனையோடு கைகழுவும் பழக்கத்தையும் பரப்பியது. 2010-இல் யூனிலீவர் வெளியிட்ட நீடித்த வாழ்வுத் திட்டம் அந்தக் காலத்தில் எந்தப் பெருநிறுவனமும் எடுத்திராத அளவுக்கு விரிந்த வாக்குறுதிகளைக் கொண்டிருந்தது. இவையெல்லாம் வெறும் விளம்பரம் என்று தள்ளிவிடுவது எளிது, நியாயமும் ஆகாது. பலன் பெற்ற பெண்கள் உண்மையானவர்கள். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நல்கொண்டாவில் செய்த நன்மையைக் கொடைக்கானலின் கணக்கில் வரவு வைக்க முடியுமா?

முடியாது என்பதைச் சங்கப் புலவர்கள் இதே மலையில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்பது தற்செயல்தான், ஆனாலும் சுவையான தற்செயல். பழனி மலைப் பகுதியை ஆண்ட பேகன், குளிரில் நடுங்குகிறதென்று மயிலுக்குப் போர்வை தந்து வள்ளல்கள் எழுவரில் ஒருவனாகப் பெயர் பெற்றவன். நாம் பள்ளியில் படித்தது அதோடு முடிந்துவிடுகிறது. அவன் தன் மனைவி கண்ணகியைக் கைவிட்டிருந்தான் என்பதும், கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் அவன் வாசலுக்குப் போய்ப் பரிசில் கேட்காமல், நீ அவளிடம் திரும்பிப் போவதே நாங்கள் வேண்டும் பரிசு என்று பாடினார்கள் என்பதும் புறநானூற்றில் இருக்கின்றன. நாங்கள் பசித்து வரவில்லை என்கிறார் பரணர். கொடுப்பவனின் வாசலில் நின்றுகொண்டு, கொடையை ஒதுக்கிவிட்டுக் கடனைக் கேட்ட அந்தத் துணிவுதான் இன்றைக்கு ஊராட்சித் தலைவர்களிடம் அரிதாகிவிட்டது. பள்ளிக்கட்டடத்துக்கு நன்றி சொல்லி மாலை போட்ட கையால் மனு எழுத யாருக்கும் வருவதில்லை.

இந்தியச் சட்டம் இந்த வேறுபாட்டை அறியாததல்ல. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 135-இன் வழியாக, நிகர மதிப்பு 500 கோடி ரூபாயோ, விற்றுமுதல் 1,000 கோடி ரூபாயோ, நிகர லாபம் 5 கோடி ரூபாயோ எட்டிய நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும் என்று விதித்தது. இந்தியாவில் கிளை வைத்திருக்கும் அயல்நாட்டு நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் இந்த விதியை, செலவிடாவிட்டால் காரணம் சொன்னால் போதும் என்ற மென்மையான நிலையிலிருந்து, செலவாகாத பணத்தைக் குறித்த காலத்துக்குள் அரசு குறிப்பிட்ட நிதியில் சேர்க்க வேண்டும், தவறினால் அபராதம் என்ற நிலைக்கு 2021-இல் இறுக்கினார்கள். இப்போது ஆண்டுக்கு 25,000 கோடி ரூபாய்க்கு மேல் இந்த வழியில் செலவாகிறது. பள்ளி, மருத்துவமனை, குடிநீர், மரம் நடுதல் என்று சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ள இனங்களுக்குள் அது அடங்க வேண்டும். தன் ஊழியர்களுக்கு மட்டுமே பயன்படும் செலவு கணக்கில் வராது. அரசியல் கட்சிக்குக் கொடுத்ததும் வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேறு எந்தச் சட்டத்தின் கீழும் செய்தாக வேண்டிய கடமையை நிறைவேற்றிய செலவைச் சமூகப் பொறுப்பு என்று காட்ட முடியாது என்று விதிகள் தெளிவாகவே கூறுகின்றன. கெடுத்த மண்ணைச் சுத்தம் செய்யும் செலவு, அப்படியானால், இந்த 2 விழுக்காட்டுக்குள் வராது, வரக்கூடாது.

தாளில் இருக்கும் இந்தத் தெளிவு ஊருக்குள் வரும்போது கலங்கிவிடுகிறது. நிறுவனம் இயங்கும் பகுதிக்கும் அதைச் சுற்றிய பகுதிக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனால் அது வழிகாட்டுதல்தான், கட்டாயம் இல்லை என்று நிறுவன விவகார அமைச்சகமே விளக்கமளித்துவிட்டது. எந்த ஊருக்கு, எந்த வேலைக்கு என்பதை முடிவு செய்வது நிறுவனத்தின் இயக்குநர் குழுமம். ஊர் மக்கள் பயனாளிகள், பங்காளிகள் அல்லர். தங்களுக்குத் தேவை கணினி வகுப்பா, ஆழ்துளைக் கிணற்று நீரின் சோதனை முடிவா என்று அவர்களைக் கேட்டாக வேண்டிய கட்டாயம் எந்த விதியிலும் இல்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும் ஊரிலேயே மருத்துவ முகாமும் நடக்கும்போது, முகாமுக்குப் போவது வழக்கை விட்டுக்கொடுப்பதாகிவிடுமோ என்ற அச்சமும், போகாவிட்டால் கிடைப்பதும் போய்விடுமே என்ற தவிப்பும் ஒரே குடும்பத்துக்குள் வந்துவிடும்.

கொடையும் கேடும் ஒரே மூட்டையில் வந்த இடமும் உண்டு. தமிழக எல்லையை ஒட்டி, பாலக்காடு மாவட்டம் பெருமாட்டி ஊராட்சியில் உள்ள பிளாச்சிமடையில், கோகோ-கோலாவின் இந்தியத் துணை நிறுவனம் 2000-இல் தொடங்கிய ஆலை, நிலத்தடி நீரை உறிஞ்சியதற்காகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. அதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. ஆலையில் மிஞ்சிய கசடு, சுற்றுவட்டார உழவர்களுக்கு உரம் என்று தரப்பட்டது. அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதை 2003-இல் பிபிசி வானொலிக்காகச் செய்யப்பட்ட சோதனை காட்டியது. நிறுவனம் தீங்கில்லை என்று மறுத்தது. ஆலை 2004-இல் நின்றது. கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-இல் கேட்டின் மதிப்பை 216 கோடி ரூபாய் என்று கணக்கிட, இழப்பீட்டுக்குத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவே இல்லை.

பன்னாட்டு நிறுவனம் என்பதற்கும் உள்நாட்டுப் பெருநிறுவனம் என்பதற்கும் கேடு செய்வதில் வேறுபாடு இல்லை. வேலூர் வட்டாரத் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றுப் படுகைக்குச் செய்ததை எந்த வெளிநாட்டவரும் வந்து செய்யவில்லை. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் அறிவித்ததும் அந்த ஆலைகள் தொடர்பான வழக்கில்தான். வேறுபாடு, கேட்கப் போகும் கதவில் இருக்கிறது. பன்னாட்டு நிறுவனம் என்பது உண்மையில் ஒரு நிறுவனம் அல்ல. நாட்டுக்கொன்றாகப் பதிவு செய்யப்பட்ட தனித்தனிச் சட்ட ஆட்களின் சங்கிலி. லாபம் அந்தச் சங்கிலி வழியே மேலே ஏறும். பொறுப்பு ஒவ்வொரு கண்ணியிலும் நின்றுவிடும். போபாலில் 1984 டிசம்பர் இரவில் நச்சுவாயு கசிந்த ஆலையின் இந்திய நிறுவனத்தில் அமெரிக்க யூனியன் கார்பைடுக்கு 50.9 விழுக்காடு பங்கு இருந்தது. வழக்கு அமெரிக்க நீதிமன்றத்தில் ஏற்கப்படாமல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. 1989-இல் 47 கோடி டாலரில் முடிக்கப்பட்டது. கூடுதல் தொகை கேட்டு அரசு தாக்கல் செய்த ‘க்யூரேட்டிவ்’ எனப்படும் மறுசீராய்வு மனுவை உச்ச நீதிமன்றம் 2023-இல் தள்ளுபடி செய்தது. 2001-இல் யூனியன் கார்பைடை வாங்கிய டௌ நிறுவனம், சொத்து வந்தது, கடன் வரவில்லை என்ற நிலைப்பாட்டிலிருந்து இன்றுவரை இறங்கவில்லை. ஆலையில் கிடந்த 337 டன் கழிவு, நாற்பது ஆண்டுக்குப் பின், 2025 ஜனவரியில்தான் அங்கிருந்து நகர்ந்தது.

தாய் நிறுவனத்தின் கதவைத் தட்டும் வழி அண்மைக்காலத்தில் சற்றே திறந்திருக்கிறது. திறந்த விதம் கவனிக்கத்தக்கது. ஜாம்பியாவின் சிங்கோலா பகுதியில் செப்புச் சுரங்கக் கழிவால் ஆறு கெட்டுப்போன கிராமத்தார் 1,800-க்கும் மேற்பட்டோர், அந்தச் சுரங்கத்தின் தாய் நிறுவனமான வேதாந்தா ரிசோர்சஸ் மீது லண்டனில் வழக்கிட்டார்கள். தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையைக் கொண்ட அதே குழுமம்தான். வழக்கை ஆங்கிலேய நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தபோது எடுத்துக்காட்டிய சான்றுகளில் முதன்மையானவை, வேதாந்தாவே வெளியிட்டிருந்த அறிக்கைகள். எங்கள் குழுமம் முழுமைக்கும் சுற்றுச்சூழல் தரத்தை நாங்கள் வகுக்கிறோம், கண்காணிக்கிறோம் என்று பங்குதாரர்களைக் கவர எழுதிய வரிகள், பொறுப்பை ஏற்றுக்கொண்டதற்கான வாக்குமூலம்போல் படிக்கப்பட்டன. நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்து மக்கள் ஷெல் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் 2021-இல் வந்த தீர்ப்பிலும் இதே தர்க்கம் நீண்டது. கொடை மொழியில் எழுதியது கடன் பத்திரமாக மாறிய நுட்பமான இடம் இது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. கென்யாவின் கெரிச்சோவில் யூனிலீவரின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், 2007 தேர்தல் கலவரத்தில் தங்களைக் காக்கத் தவறியதாகத் தாய் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு, லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2018-இல் தோற்றது. துணை நிறுவனத்தின் நெருக்கடிக்கால ஏற்பாடுகளில் தாய் நிறுவனம் நேரடியாகக் கை வைத்ததற்கு ஆதாரம் இல்லை என்பதே காரணம். இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் நிறுவன வழக்கறிஞர் என்ன அறிவுரை சொல்வார் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். குறைவாகக் கண்காணியுங்கள், அதைவிடக் குறைவாக எழுதுங்கள்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் பன்னாட்டு அளவில் விதி வேண்டும் என்ற பேச்சு 1970-களிலிருந்தே நடக்கிறது. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் (OECD) வழிகாட்டுதல்கள் 1976-இல் வந்தன, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் பிரகடனம் அதற்கு அடுத்த ஆண்டு. ஐநா பொதுச்செயலாளரின் சிறப்புப் பிரதிநிதியாக இருந்த ஜான் ரக்கி, வணிகமும் மனித உரிமைகளும் பற்றி வடித்த கொள்கைகளை ஐநா மனித உரிமை மன்றம் 2011-இல் ஏற்றது. காக்க வேண்டியது அரசு, மதிக்க வேண்டியது நிறுவனம், பாதிக்கப்பட்டவர்க்குத் தீர்வு வேண்டும் என்ற மூன்று தூண்களில் நிற்கும் அந்த ஆவணத்தில் நம் பொருளுக்கு நேரே பொருந்தும் கருத்து ஒன்று உண்டு: மனித உரிமைகளை வளர்க்க நிறுவனம் எவ்வளவு நற்செயல்கள் செய்தாலும், தன் தொழில் நடவடிக்கையில் அவற்றை மதிக்கத் தவறியதற்கு அவை ஈடாகமாட்டா. ஆனால் இந்த மூன்று ஆவணங்களில் எதுவும் நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்துக்கான குழு, எக்குவடோரும் தென்னாப்பிரிக்காவும் முன்மொழிந்து 2014-இல் அமைக்கப்பட்டு, வரைவுக்கு மேல் வரைவாகப் போய்க்கொண்டிருக்கிறது. பிரான்ஸ் 2017-இலும் ஜெர்மனி 2023 முதலும் தங்கள் நாட்டுப் பெருநிறுவனங்கள் உலகில் எங்கே இயங்கினாலும் கேட்டை முன்கூட்டியே கண்டு தடுக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கின்றன.

இந்தியாவில் சட்டம் குறைவாக இல்லை. டெல்லி ஸ்ரீராம் ஆலையில் வாயு கசிந்த வழக்கில் நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு 1986-இல் வகுத்த முழுப் பொறுப்புக் கோட்பாடு, அபாயகரமான தொழில் செய்பவர் கவனமாகத்தான் இருந்தேன் என்று சொல்லித் தப்பவே முடியாது என்கிறது. நிறுவனங்கள் சட்டத்தின் 166-ஆம் பிரிவு, இயக்குநர்கள் பங்குதாரர்களை மட்டுமல்லாமல் ஊழியர்களையும் சமூகத்தையும் சுற்றுச்சூழலையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று கூறுகிறது. 135-ஐப் பற்றி மாநாடுகள் நடக்கின்றன. 166-ஐப் பற்றி நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மீண்டும் மலைக்குப் போவோம். தொழிலாளர்களின் வழக்கு முடிந்தபோது மண்ணின் வழக்கு முடிந்திருக்கவில்லை. ஆலை வளாகத்து மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்பதே அதன் மையம். நாக்பூர் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று வைத்தார்கள். பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்கு இருக்கும் வழிகாட்டி அளவைப்போல் இது இருபது மடங்கு என்றனர் எதிர்ப்பாளர்கள். தாய் நிறுவனத்தின் ஊருக்கு ஒரு நியாயம், கொடைக்கானலுக்கு ஒரு நியாயமா என்று கேட்டனர். இந்த ஒப்பீடு தோன்றுமளவுக்கு எளிதல்ல. பாதரசம் மண்ணில் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து பிரிட்டனின் வழிகாட்டி அளவே பெரிதும் மாறுபடும். நிறுவனத் தரப்பு வேறொரு வாதத்தை வைத்தது: அளவை இன்னும் குறைத்தால் இன்னும் ஆழமாகவும் அகலமாகவும் தோண்ட வேண்டியிருக்கும், மரங்கள் போகும், சரிவில் மண் பிடிப்பு தளரும், வண்டலோடு பாதரசமும் கீழே இறங்கும்.

இந்த வாதத்தைப் பசப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. சோலைக்காட்டு மண்ணை வேர்கள்தான் பிடித்து வைத்திருக்கின்றன. தோண்டி எடுத்து, கழுவி, சூடேற்றிப் பாதரசத்தைப் பிரித்த மண்ணைத் திரும்பப் போட்டால் அதில் பழைய காடு வளர்ந்துவிடாது. எந்த அளவு மாசோடு வாழ்வது, எத்தனை மரங்களை இழப்பது என்ற இரண்டு கெடுதல்களுக்கு இடையேயான தேர்வு அது. கெடுத்தவரின் செலவு எந்தப் பக்கம் குறைவு என்பதும் அந்தத் தராசிலேயே ஏறிக்கொள்கிறது என்பதால் தேர்வு இன்னும் கடினமாகிறது. அந்தத் தேர்வை வல்லுநர் குழுக்களும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பசுமைத் தீர்ப்பாயமும் எடுத்தன. செலவை ஏற்கும் தரப்பாக நிறுவனம் ஒவ்வொரு கட்டத்திலும் மேசையில் இருந்தது. மூஞ்சிக்கல்லில் வசிப்பவரும், கும்பக்கரைக்குக் கீழே வயல் வைத்திருப்பவரும் அந்த மேசைக்கு வர வேண்டுமானால் மனுதாரராக, வழக்கறிஞர் வைத்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.